சொல்லை நம்பாத வைத்தியம்
பிளிடா வைத்தியசாலையின் வரலாறும் நம் வீட்டுக் கேள்வியும்

என்னுடைய பெரிய மாமா ஒரு தையற்காரர். பெருநாள் நெருங்கினால் அவருடைய மெஷின் சத்தம் சுபஹுத் தொழுகை வரைக்கும் கேட்கும். நடுவயதில் அவருக்கு மனநோய் வந்தது. மருந்து ஒழுங்காக எடுத்தால் நல்லா இருப்பார். விட்டால் சுகவீனம் திரும்பிவிடும். அப்படி ஒரு தடவை அவரை வாட்டில் வைத்திருந்தபோது, இரண்டாம் நாள் காலையிலிருந்து வகுறு நோவதாகச் சொல்லத் தொடங்கினார். மாமாவுக்குச் சிங்களம் சரியாக வராது. வாட்டுத் தாதிக்குத் தமிழ் வராது. நடுவில் நின்ற சிற்றூழியர்தான் மொழிபெயர்ப்பாளர். மாமா கையை வயிற்றின் வலப்பக்கம் வைத்து, எப்போது தொடங்கியது, எப்படிப் பிடித்து இழுக்கிறது, ராத்திரி எத்தனை தடவை சத்தி எடுத்தார் என்று ஐந்து நிமிடம் விளக்கினார். சிற்றூழியர் அதை நாலு சொல்லில் முடித்துவிட்டார். தாதி எங்களைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொன்னார். அது தமிழில் இப்படி வந்தது: "இவருக்கு எப்பவும் இப்படித்தான். ஒன்டும் இல்ல, பயப்படாதீங்க."

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, மாமாவை அவசரமாகச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து, யாரையும் ஏசாமல், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "எனக்குப் பைத்தியம் என்டா, வகுறு நோகாதா மருமகன்?"

அந்தத் தாதி கெட்ட மனுஷி அல்ல. பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு வயோதிபருக்குக் கரண்டியால் சோறு ஊட்டியதை நானே கண்டேன். ஆனால் மாமாவின் சொல் அவருடைய காதில் ஒரு மனிதனின் சொல்லாக விழவில்லை. நோயின் இன்னோர் அறிகுறியாக விழுந்தது. மனநோயாளி என்று ஏட்டில் எழுதிய அந்த நிமிடத்திலிருந்து ஒருவருடைய வாய்ச்சொல்லின் பெறுமதி இறங்கிவிடுகிறது. அவர் சிரித்தால் நோய், அழுதால் நோய், கோபப்பட்டால் நோய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாலும் நோய்.

மனநோயாளரை இழிவாகப் பார்ப்பது படிக்காதவர்களின் குறை என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். நாலு கருத்தரங்கு வைத்தால், துண்டுப்பிரசுரம் கொடுத்தால் போய்விடும் என்றும் நம்புகிறோம். ஆனால் வைத்திய பீடத்திலேயே உருவாகி, ஆய்விதழ்களில் அச்சாகி, பரீட்சைக்குப் பாடமாகப் படிக்கப்பட்ட இழிவும் வரலாற்றில் உண்டு. அதற்குத் தெளிவான உதாரணம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த அல்ஜீரியா. அங்கே அந்த இழிவுக்கு ஆளானவர்கள் முஸ்லிம்கள் என்பது நாம் அதைப் படிக்க ஒரு காரணம். அந்த இழிவை எதிர்க்க வந்த வைத்தியரே முதலில் அதில் சறுக்கி விழுந்தார், விழுந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு பேராசிரியரின் குறிப்புகள்

1918ஆம் ஆண்டு அந்துவான் போரோ என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு மருத்துவ இதழில் 'முஸ்லிம் உளமருத்துவக் குறிப்புகள்' என்று பொருள்படும் கட்டுரையொன்றை வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் பிரான்ஸின் படையில் சேர்க்கப்பட்ட வட ஆபிரிக்க முஸ்லிம் சிப்பாய்களைப் பார்த்த அனுபவமே அதற்கு அடிப்படை. இவர்கள் எதையும் இலகுவில் நம்பிவிடுபவர்கள், பிடித்த பிடியை விடாதவர்கள், ஆழமான உணர்ச்சி வாழ்க்கை அற்றவர்கள் என்பது அவருடைய முடிவு. ஊரை விட்டு வெகுதூரம் கொண்டுவரப்பட்டு, அந்நிய மொழியில் அதிகாரம் செய்யும் இராணுவத்தில், யாருடையதோ ஒரு யுத்தத்தில் நின்ற மனிதர்கள் அவர்கள். போரோ அந்த நிலைமையை எழுதவில்லை. ஓர் இனத்தின் இயல்பை எழுதிவிட்டதாக நினைத்தார்.

பிறகு அவர் அல்ஜியர்ஸ் வைத்திய பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியரானார். அவரையும் அவருடைய மாணவர்களையும் சுற்றி வளர்ந்த சிந்தனைப் போக்கை 'அல்ஜியர்ஸ் பிரிவு' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 1932இல் அல்ஜீரியச் சுதேசிகளின் 'குற்ற உந்துதல்' பற்றி அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். 1935இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த மாநாட்டில், வட ஆபிரிக்கச் சுதேசியிடம் மூளையின் மேற்பகுதிச் செயற்பாடுகள் குறைவாகவே வளர்ந்திருக்கின்றன, கீழ்ப்பகுதியின் உந்துதல்களே அவனை நடத்துகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். 1939இல் ஜான் சுத்தேர் என்ற வைத்தியருடன் சேர்ந்து அதற்கு 'ஆதிநிலைவாதம்' என்று பெயரே சூட்டிவிட்டார். வட ஆபிரிக்க முஸ்லிமுக்கு ஐரோப்பியரைப் போன்ற மனச்சோர்வு நோய் வருவதில்லை என்பதும் இந்தப் பிரிவின் போதனைகளில் ஒன்று. சோகம் உள்ளே திரும்பாதாம். வெளியே திரும்பிக் கொலையாகுமாம். ஒரு சமூகம் கவலைப்படக்கூடிய தகுதியையே படித்தவர்கள் பறித்த கதை இது.

இந்தப் பேச்சு அல்ஜீரியாவோடு நிற்கவில்லை. கென்யாவில் பணியாற்றிய பிரித்தானிய வைத்தியர் கரோதர்ஸ், ஆபிரிக்கரின் மனம் பற்றி எழுதிய நூலை 1953இல் உலக சுகாதார ஸ்தாபனமே வெளியிட்டது. மூளையின் முன்பகுதியில் நரம்பு அறுக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஐரோப்பியரோடு சாதாரண ஆபிரிக்கரை அவர் அதில் ஒப்பிட்டிருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். போரோ தன் காலத்தில் ஒரு சீர்திருத்தவாதி. அவருக்கு முந்திய பல பத்தாண்டுகளாக அல்ஜீரிய மனநோயாளரைக் கப்பலேற்றிப் பிரான்ஸின் காப்பகங்களுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. மொழி தெரியாத குளிர்நாட்டில், குடும்பம் வந்து பார்க்க வழியில்லாமல், அவர்களிற் பலர் அங்கேயே மௌத்தானார்கள். அல்ஜீரிய மண்ணிலேயே நவீன வைத்தியசாலைகள் வேண்டும் என்று வாதாடியவர்களில் போரோ முக்கியமானவர். 1930களில் பிளிடா வைத்தியசாலை எழுந்ததில் அவருடைய பங்கு பெரிது. அதாவது, நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்று போராடியதும் அந்தக் கட்டிலில் கிடப்பவன் முழு மனிதன் அல்ல என்று எழுதியதும் ஒரே கை. கரண்டியால் சோறு ஊட்டிய கையை எனக்கு ஞாபகப்படுத்துவது இதுதான். கருணை இருக்கும் இடத்தில் இழிவு இருக்காது என்று நாம் நினைத்தால் ஏமாந்துபோவோம்.

இந்தப் பாடத்தை அல்ஜியர்ஸ் பீடத்தில் படித்த அல்ஜீரிய முஸ்லிம் மாணவர்களும் கேட்டார்கள். விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதே என்று அவர்களிற் சிலர் தலையாட்டியதைப் பின்னால் ஒருவர் வருத்தத்தோடு பதிவுசெய்தார். அவர்தான் ஃபிரான்ஸ் ஃபனோன்.

லியோனில் கண்டது

ஃபனோன் 1925இல் கரிபியன் தீவான மார்ட்டினிக்கில் பிறந்தவர், கறுப்பினத்தவர். முஸ்லிம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் விடுதலைக்காகப் போரிட்டுக் காயப்பட்டு, பிறகு லியோன் நகரில் வைத்தியம் படித்தார். அங்கே அவர் கண்டது, வேலை தேடிப் பிரான்ஸுக்கு வந்திருந்த வட ஆபிரிக்கத் தொழிலாளர்களின் கூட்டம். ராத்திரி நேரத்தில் உடம்பெல்லாம் நோகுது என்று வருவார்கள். எங்கே என்று கேட்டால் ஓரிடத்தைக் காட்டத் தெரியாது. வயிறு என்பார்கள், நெஞ்சு என்பார்கள், எல்லா இடமும் என்பார்கள். பரிசோதனையில் எதுவும் பிடிபடாது. வைத்தியர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

1952இல் 'எஸ்ப்ரி' என்ற பிரெஞ்சுச் சஞ்சிகையில் இதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'வட ஆபிரிக்க நோய்க்குறித்தொகுதி'. அப்படி ஒரு நோய் கிடையாது. தலைப்பே ஒரு கிண்டல். நோயாளி கதவைத் திறந்து உள்ளே வருமுன்பே வைத்தியரின் மனதில் அவனைப்பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதே கட்டுரையின் சாரம். உடம்பில் காயமோ கட்டியோ காணப்படாவிட்டால், என்னுடைய அறிவு இந்த இடத்தில் போதவில்லை என்று வைத்தியர் சொல்வதில்லை. நீ பொய் சொல்கிறாய் என்கிறார். வீட்டை விட்டு, மனைவி மக்களை விட்டு, மதிப்பில்லாத வேலையில், அவமதிப்பின் நடுவில் வாழும் மனிதனுக்கு உடம்பு முழுவதும் நோவது ஏன் ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்று ஃபனோன் கேட்டார்.

அதே ஆண்டு வெளியான 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் இன்னொரு சின்ன விஷயத்தையும் கவனிக்கிறார். ஐரோப்பிய நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வரும்போது மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த வைத்தியர், ஓர் அரபியோ கறுப்பரோ வந்து இருந்ததும் 'நீ' போட்டு, குழந்தையோடு கொஞ்சுவது போல உடைந்த பிரெஞ்சில் பேசத் தொடங்குகிறார். அந்த வைத்தியர் திட்டம் போட்டு அவமதிக்கவில்லை. யோசிக்காமலே அது நடக்கிறது. அதனால்தான் அது பாரதூரமானது. 'நீங்க', 'நீ' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கும் தூரம் தமிழ் பேசும் நமக்கு விளக்கத் தேவையில்லாதது.

நோயாளியை விட்டு, வைத்தியசாலையைக் குணப்படுத்தல்

லியோனில் படிப்பை முடித்த ஃபனோன், தென் பிரான்ஸின் மலைக் கிராமமான செந்த்-அல்பானில் பயிற்சி பெற்றார். அங்கே அவருடைய ஆசான் பிரான்சுவா தொஸ்கெயெஸ். ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தரப்பிலிருந்து அகதியாக வந்த கத்தலான் வைத்தியர். ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த ஆண்டுகளில் பிரெஞ்சு மனநோய் வைத்தியசாலைகளில் 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் இறந்தார்கள். எல்லாருக்கும் பங்கீட்டு உணவு குறைந்தபோது முதலில் மறக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். செந்த்-அல்பானில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. நோயாளரும் ஊழியரும் ஊர் விவசாயிகளுடன் சேர்ந்து வேலைசெய்து உணவு தேடிக்கொண்டார்கள். மதில்கள் அர்த்தமிழந்தன. நோயாளியைக் குணமாக்க வேண்டுமென்றால் முதலில் வைத்தியசாலையைக் குணமாக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கே வளர்ந்தது. கூட்டம் நடத்துவது, பத்திரிகை வெளியிடுவது, நாடகம் போடுவது என எல்லாவற்றிலும் நோயாளிகள் பங்காளிகள்.

1953 நவம்பரில் இந்தப் பாடத்தோடு ஃபனோன் பிளிடாவுக்கு வந்து சேர்ந்தார். அல்ஜியர்ஸிலிருந்து சுமார் 45 கிலோமீற்றர் தூரத்திலிருந்த அந்தப் பெரிய வைத்தியசாலையில் ஐரோப்பியருக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு வாட்டுகள். ஃபனோனின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். பயிற்சி வைத்தியர் ஜாக் அஸூலேயுடன் சேர்ந்து இரண்டு பகுதியிலும் ஒரே வேலைத்திட்டத்தைத் தொடங்கினார். பெண்கள் வாட்டில் சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது. கூட்டம் கூடினார்கள், கொண்டாட்டங்களுக்கு ஆயத்தம் செய்தார்கள், பத்திரிகைக்கு எழுதினார்கள். முகங்கள் மலர்ந்தன.

முஸ்லிம் ஆண்கள் வாட்டில் எதுவும் அசையவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பேசாமல் இருந்தார்கள். கூடை பின்னக் கொடுத்தால் ஒதுக்கி வைத்தார்கள். நாடகத்துக்கோ பாட்டுக்கோ ஆர்வம் காட்டவில்லை. மாதங்கள் போயின. பழைய தாதியருக்கு இது புதினமாகத் தெரியவில்லை. நீங்கள் புதிசு, எங்களைப்போலப் பதினைந்து வருஷம் இவர்களோடு இருந்தால் உங்களுக்கும் விளங்கும் என்ற தொனியில் பேசினார்கள். போரோவின் ஆதிநிலைவாதம் வென்றுவிட்டது போலிருந்தது.

இந்த இடத்தில்தான் ஃபனோனும் அஸூலேயும் ஒரு அரிய காரியம் செய்தார்கள். நோயாளிகளிடம் குறை தேடுவதை விட்டுத் தங்களிடம் தேடினார்கள். 1954இல் அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை, தோல்வியை வரி வரியாக ஒப்புக்கொள்ளும் ஒன்று. தாங்கள் என்ன செய்தோம்? ஐரோப்பியப் பெண்ணுக்குப் பொருந்திய சட்டையை, அளவெடுக்காமல் அல்ஜீரிய விவசாயிக்குப் போட்டுவிட்டோம். கூடை பின்னுவது அந்த மனிதர்களுக்குப் பெண்களின் வேலை. எழுத்துத் தெரிந்தவர்கள் மிகச் சிலர், பத்திரிகை யாருக்கு? மேடை நாடகம் அவர்களுடைய ஊரில் இல்லை; அங்கே இருந்தவர் ஊர் ஊராகப் போகும் கதைசொல்லி. கொண்டாட்டமென்று வைத்தவை அவர்களுடைய பெருநாள்கள் அல்ல. அவர்களுக்கென்று ஒரு சமூகம், வாழ்க்கை, ஒழுங்கு உண்டென்பதைத் தாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று எழுதினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. ஃபனோனுக்கு அரபும் தெரியாது, பெர்பர் மொழியும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் விசாரிப்பு. அந்த மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் யார்? நீதிமன்றத்திலும் நிர்வாகக் கந்தோரிலும் தங்களை விசாரிக்கிறவர்களின் பக்கத்தில் நிற்பவர். அப்படியொருவர் நடுவில் நிற்கும்போது நோயாளி மனம் திறப்பாரா, வாக்குமூலம் கொடுப்பாரா? இதைப் படித்தபோது மாமாவின் ஐந்து நிமிடமும் சிற்றூழியரின் நாலு சொல்லும்தான் என் கண்ணில் வந்தன.

பிறகு வழி மாறியது. வாட்டுக்குள் அவர்களுடைய ஊரில் இருப்பது போன்ற ஒரு கோப்பிக்கடை வந்தது. பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி வந்தார். விவசாயம் தெரிந்த கைகளுக்கு மண்வெட்டி கொடுக்கப்பட்டது. விளையாட்டு மைதானம் தயாரானது. அசையாதவர்கள் அசைந்தார்கள். இருபது வருஷமாகப் பேராசிரியர்கள் மூளையில் தேடிய காரணம் வாட்டின் ஒழுங்கில் இருந்தது.

தாதியின் கோபமும் ஜின்னும்

1956இல் ஃபனோன் சான்செஸ் என்பவருடன் சேர்ந்து இன்னொரு சிறிய கட்டுரை எழுதினார். பைத்தியத்தை மக்ரிப் முஸ்லிம் எப்படிப் பார்க்கிறான் என்பது அதன் பொருள். இன்றைய உளநல ஊழியர் எல்லாரும் ஒரு தடவை படிக்க வேண்டியது அது.

ஐரோப்பிய வைத்தியசாலை ஊழியர், நோயாளியை நோய் ஆட்டுகிறது என்பதை அறிவால் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த நோயாளி ஏசினால் அவருக்குச் சுடுகிறது. அடித்தால் வன்மம் வருகிறது. இவன் நோயைச் சாட்டி வேலை காட்டுகிறான் என்ற சந்தேகம் உள்ளே ஊறுகிறது. அதன் பிறகு வரும் தனியறையும் கட்டிவைத்தலும் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் தண்டனைகள். மக்ரிபின் சாதாரண முஸ்லிம் குடும்பத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை என்கிறது கட்டுரை. ஏசுவது மகன் அல்ல, ஜின். எனவே உம்மாவுக்கு மகன்மீது கோபம் வராது. சுகமான பிறகு அவன் நடந்ததை வெட்கமில்லாமல் சொல்லலாம். வீடு அவனைச் சந்தேகமில்லாமல் திரும்ப ஏற்றுக்கொள்ளும். அங்கே மரியாதை பைத்தியத்துக்குக் கொடுக்கப்படுவதல்ல, அதில் அகப்பட்ட மனிதனுக்குக் கொடுக்கப்படுவது என்று கட்டுரை முடிவுக்கு வருகிறது.

இதைத் தவறாக விளங்கக் கூடாது. ஜின் நம்பிக்கையை வைத்தியமாக்கச் சொல்லி அவர்கள் எழுதவில்லை. அதே நம்பிக்கை நம் ஊர்களில் பிரம்பாகவும் மிளகாய்ப் புகையாகவும் மாறிய கதைகளை நாம் அறிவோம். ஜின்னை அடிக்கிறோம் என்று சொல்லி விழுகிற அடி மனிதனின் முதுகில்தான் விழுகிறது. கட்டுரை சொல்வது வேறு: நோயையும் நோயாளியையும் பிரித்துப் பார்க்கும் காரியத்தில், எழுதத் தெரியாத ஒரு தாய் பயிற்சி பெற்ற தாதியை முந்தியிருக்கிறாள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஃபனோன் பதவி விலகினார். மனிதர்களைத் திட்டமிட்டு அந்நியப்படுத்தும் ஓர் ஆட்சியின் கீழ், அந்நியப்பட்ட மனங்களைக் குணப்படுத்துவது பொருளற்றது என்பது அவருடைய ராஜினாமாக் கடிதத்தின் கருத்து. 1957 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுத் தூனிஸுக்குப் போய், நோயாளி காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சை நிலையமொன்றை நடத்தினார். அங்கே பூட்டும் இல்லை, வைத்தியசாலை உடுப்பும் இல்லை. 1961 டிசம்பரில், 36 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கப்பட்டது. பிளிடா வைத்தியசாலை இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமது மாரிஸ்தானும் சங்கிலியும்

இதைப் படிக்கும் நமக்கு ஒரு பெருமூச்சும் ஒரு பெருமையும் வருவது இயல்பு. ஐரோப்பா மனநோயாளரைச் சங்கிலியில் கட்டிய காலத்தில் நாம் மாரிஸ்தான் கட்டினோம் என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் உண்மை உண்டு. டமஸ்கஸில் நூருத்தீன் 1154இல் வைத்தியசாலை நிறுவினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மாரிஸ்தானில் மனநோயாளருக்குத் தனிப்பகுதி இருந்தது. அலெப்போவின் அர்கூன் மாரிஸ்தானில் நோயாளர் அறைகளுக்கு நடுவே நீர்த்தடாகம். பத்தாம் நூற்றாண்டுக்குரிய அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசினார். கவலையும் கோபமும் பயமும் மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் வருபவை என்று விளக்கினார். மனநோயாளியை வேறொரு ஜாதியாக்காத எழுத்து அது.

ஆனால் சங்கிலியும் நம்முடையதுதான். கிரனடாவில் பிறந்து பாஸ் நகரில் வளர்ந்த ஹசன் அல்-வஸ்ஸான், பிற்காலத்தில் ஐரோப்பாவில் லியோ ஆபிரிக்கானுஸ் என்று அறியப்பட்டவர், இளமையில் பாஸின் மாரிஸ்தானில் இரண்டு வருடம் எழுத்தராக வேலைசெய்தார். பதினாறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய நூலில் அந்த இடத்தைப்பற்றிய ஒரு பகுதி உண்டு. மனநோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். உணவு கொண்டுவருபவர் கையில் தடியும் இருந்தது. குழப்பம் செய்தால் அடி. இதைவிட என்னை உறுத்தியது அவர் சொல்லும் இன்னொரு விஷயம். வெளியிலிருந்து யாராவது வந்தால் நோயாளிகள் கூப்பிட்டு, எங்களுக்குச் சுகமாகிவிட்டது, ஆனாலும் விடாமல் அடைத்து வைத்துக் கொடுமை செய்கிறார்கள் என்று முறையிடுவார்களாம். நம்பிக் கிட்டே போனவரைப் பிடித்து முகத்தில் அசுத்தத்தைப் பூசிவிடுவார்களாம். வாசகரைச் சிரிக்கவைக்கவே அவர் இதை எழுதினார். அந்த முறைப்பாட்டைச் சொன்னவர்களில் ஒருவராவது உண்மையிலேயே சுகமானவராக இருந்திருக்க மாட்டாரா? அந்தக் கேள்வி எழுத்தரின் பேனாவுக்கு வரவில்லை. பாஸில் பெர்பரும் அரபியும் முஸ்லிமும்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். காலனித்துவம் இல்லை, போரோவும் இல்லை. இருந்தும் அடைக்கப்பட்டவனின் சொல் பகிடியாகத்தான் போனது.

ஆக, இந்த இழிவு ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ உரியதல்ல. ஒருவன் திறப்பை வைத்திருக்க, மற்றவன் கதவுக்குள் இருக்கும் எந்த இடத்திலும் அது முளைக்கும். காலத்துக்கேற்ப உடுப்பை மாற்றிக்கொள்ளும். பாஸில் அதன் கையில் தடி, அல்ஜியர்ஸில் ஆய்விதழ், எங்களுடைய வாட்டில் "ஒன்டும் இல்ல" என்ற ஆறுதல் வார்த்தை.

நம்முடைய வாசலில்

இலங்கையில் மனநோய் பற்றிய சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டின் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பிறகு அதன் பெயர் மனநோய்க் கட்டளைச் சட்டம் என்று மாறியது. பெயர் மாறிய அளவுக்கு உள்ளே மாறவில்லை. 1926இல் அங்கொடையில் பெரிய மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இன்று அது தேசிய மனநல நிறுவகம். அங்கே ஆயிரமாயிரம் பேர் சுகம் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரின் பெயர் நம் வாயில் ஏச்சாகிவிட்டது. "இவன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று பகிடி விடாத வீடு எது? சுகவீனத்தை ஏச்சாக்கிய நாம்தான் வளர்ந்து தாதியாகவும் டொக்டராகவும் மௌலவியாகவும் வேலைக்குப் போகிறோம். வெள்ளை உடுப்பை மாட்டியவுடன் அந்தப் பேச்சு மறந்துபோகுமா?

நிக்காஹ் பேசும்போது மறைக்கிறோம். மறைத்தது வெளியே வந்தால் தலாக் வரைக்கும் போகிறது. ஆகையால் மருந்தையும் ஒளித்து வைக்கிறோம். ஒளித்த மருந்தை விட்டதும் நோய் திரும்புகிறது. திரும்பிய நோயைப் பார்த்து, இது மாறாத சாதி என்கிறோம். போரோவின் வட்டம் போலவே இதுவும் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும் வட்டம்.

இந்த வரலாற்றை எழுதிவிட்டு நான் தாதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போனால் அது நியாயமாகாது. அன்று வாட்டில் நானும் நின்றேன். மாமா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது; மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவன் நான் ஒருவன்தான். அவருடைய கை வலப்பக்கம் இருந்ததையும் கண்டேன். ஆனாலும் தாதி "ஒன்டும் இல்ல" என்றதும் என் மனம் லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டு, இஷாவைத் தொழுதுவிட்டுத் தூங்கினேன். பதினைந்து வருடம் அனுபவமுள்ள தாதியரைவிட நான் மேலானவன் அல்ல.

ஃபனோனின் 1954ஆம் ஆண்டுக் கட்டுரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். பிழை எங்கே என்று தேடும்போது விரலைத் தன் பக்கம் திருப்பிய வைத்தியர் அவர். திருப்பிய பிறகுதான் அந்த வாட்டு அசைந்தது.

அதற்குப் பிறகு மாமாவைக் கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போகும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவர் கதிரையில் இருப்பார். நான் பின்னால் நிற்பேன். வைத்தியர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. மாமாவின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்து, "இவர் இப்ப எப்படி?" என்பார்கள். முதலில் நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள், "அவருக்கிட்டயே கேளுங்க டொக்டர், அவர் சொல்லுவார்" என்றேன். மாமா தலையைத் திருப்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்.